2024க்கு ஆறு எண்கள்: எதை எதோடு ஒப்பிடுவது?

#1 அச்சுமேசை

2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை பற்றி ஒரு பக்கம் தயாராகிறது. கையில் சேர்ந்த எண்கள் இவை. நாசா 1.28 டிகிரி. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 1.29. பிரிட்டனின் ஹாட்கிரட்5 என்ற வெப்பநிலைத் தொகுப்பு 1.53. உலக வானிலை அமைப்பு 1.55. ஐரோப்பாவின் காலநிலைச் சேவையான கோப்பர்நிக்கஸ் 1.60. பெர்க்லி எர்த் ஆய்வுக்குழு 1.62. எல்லாமே செல்சியஸ். எல்லாமே "வழக்கத்தைவிட இவ்வளவு அதிகம்" என்றுதான் செய்திகளில் வருகின்றன. போதாக்குறைக்கு கோப்பர்நிக்கஸ் அறிக்கையிலேயே 0.72 என்று இன்னொரு எண்ணும் இருக்கிறது.

பூமி ஒன்று, ஆண்டும் ஒன்று. இதை அப்படியே அட்டவணையாகப் போட்டால் வாசகர் குழம்பிப்போவார். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது எப்படி என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?

#2 கட்டக்கணக்கு

அந்த அட்டவணையை அப்படியே போடாதீங்க. எந்த ஆண்டுகளின் சராசரியிலிருந்து கணக்கிட்டது என்ற விவரம் இல்லாத எண்ணை அச்சில் ஏற்றக்கூடாது.

நாசாவின் 1.28 என்பது 1951–1980 சராசரியிலிருந்து. நோவாவின் 1.29 என்பது 20ஆம் நூற்றாண்டு முழுவதின், அதாவது 1901–2000இன் சராசரியிலிருந்து. கோப்பர்நிக்கஸின் 0.72 என்பது 1991–2020இலிருந்து. மற்ற நான்கும் (1.53, 1.55, 1.60, 1.62) 1850–1900இலிருந்து. ஆக, ஒரு மரத்தின் உயரத்தைச் சிலர் தரையிலிருந்தும் சிலர் திண்ணையிலிருந்தும் அளந்திருக்கிறார்கள். மரம் மாறவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறிக்கையில் வரும் எண்ணும் பதிவிறக்கும் தரவுக் கோப்பில் இருக்கும் எண்ணும் ஒரே அடிப்படைக் காலத்தில் (ஒப்பிட எடுத்த ஆண்டுகளில்) இருக்கும் என்று நம்பக்கூடாது. ஹாட்கிரட்5 கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது 1961–1990. பெர்க்லி கோப்பில் 1951–1980. அறிக்கையில் மட்டும் 1850–1900க்கு மாற்றிச் சொல்கிறார்கள்.

நாசாவும் நோவாவும் 1850–1900 அடிப்படையிலும் தனியாக எண் தந்திருக்கின்றன: 1.47, 1.46. ஆகவே உங்கள் பட்டியல் உண்மையில் இப்படி இருக்க வேண்டும்: 1.46, 1.47, 1.53, 1.60, 1.62. ஜப்பான் வானிலை முகமையின் தொகுப்பையும் சேர்த்து ஆறு தொகுப்புகளை ஒன்றாக்கி உலக வானிலை அமைப்பு தந்ததுதான் 1.55, பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 0.13. 1.28க்கும் 1.62க்கும் இடையே தெரிந்த 0.34 இடைவெளி இதோடு 0.16 ஆகிவிட்டது. மிச்சம் ஏன் என்பது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

#3 செம்பரம்பாக்கம்

இந்தியக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. 2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை அந்த ஆண்டுக்கு முதலில் தந்த விலகல் (அடிப்படைக் காலச் சராசரியிலிருந்து உள்ள வித்தியாசம்) 0.91 டிகிரி, 1961–1990 அடிப்படையில். பிறகு 1981–2010க்கு மாறியதும் அதே 2016க்கு 0.71. இப்போது 1991–2020க்கு மாறிய பிறகு 0.54. மூன்றையும் மூன்று செய்தித்தாள்களிலிருந்து எடுத்து வைத்தால் நாடு குளிர்ந்துவிட்டது போலத் தெரியும். நடந்தது என்னவென்றால் ஒப்பிடும் தளம் வெப்பமாகி மேலே ஏறிவிட்டது. 2024க்கு வந்த 0.65 என்பதை இந்த 0.54ஓடு மட்டுமே ஒப்பிடலாம். 0.91ஓடு ஒப்பிட்டு "2016தான் அதிகம்" என்று எழுதினால் தவறு.

பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த மாற்றம் வரும். 30 ஆண்டுச் சராசரியை ஒவ்வொரு பத்தாண்டும் நகர்த்துவது உலக வானிலை அமைப்பின் நடைமுறை. பயிர், மின்தேவை, அணை நீர் என்று இன்றைய தேவைக்கு இன்றைய "இயல்பு" வேண்டும் என்பதால் அப்படி. நீண்டகால மாற்றத்தைப் பார்க்க 1961–1990ஐ மாற்றாமல் வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதே அமைப்புதான்.

#4 இயற்பியல் ஆசிரியை

விலகல் என்று சுற்றி வளைக்காமல் "உலகச் சராசரி 15.10 டிகிரி" என்று நேரடியாகச் சொன்னால் என்ன? கோப்பர்நிக்கஸ் 2024க்கு அந்த எண்ணையும் தந்திருக்கிறதே. மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

#5 கட்டக்கணக்கு

மேடம், வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. மதுரையும் கொடைக்கானலும் நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கொடைக்கானல் வானாய்வகம் 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு மாதத்தில் மதுரை 32, கொடைக்கானல் 17 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 24.5. அடுத்த மாதம் இரண்டிலும் வெப்பநிலை மாறவில்லை, ஆனால் கொடைக்கானல் பதிவு வந்து சேரவில்லை. சராசரி 32. எதுவும் நடக்காமலே 7.5 டிகிரி ஏறிவிட்டது!

இப்போது விலகலில் பாருங்க. மதுரை தன் வழக்கத்தைவிட 0.6 அதிகம், கொடைக்கானல் தன் வழக்கத்தைவிட 0.5 அதிகம். சராசரி 0.55. ஒன்று விட்டுப்போனால் 0.6. பிழை 0.05 மட்டுமே. (எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.)

இது வேலை செய்யக் காரணம், உயரமும் சரிவும் கடலோரமும் வெப்பநிலையை ஊருக்கு ஊர் மாற்றும்; ஆனால் "வழக்கத்தைவிட எவ்வளவு" என்பது பரந்த நிலப்பரப்பில் ஒன்றாகவே ஏறி இறங்கும். ஹேன்சன், லெபெடெஃப் என்ற ஆய்வாளர்கள் 1987இல் நிலைய இணைகளை எடுத்து இந்த ஒத்திசைவை அளந்தார்கள். நடு, உயர் அட்சங்களில் 1,200 கிலோமீட்டர் வரை அது பயன்படும் அளவுக்கு நிற்கிறது; வெப்பமண்டலத்தில் குறைவு. நாசாவின் வெப்பநிலைத் தொகுப்பான ஜிஸ்டெம்ப் இன்றும் 1,200 கிலோமீட்டர் வட்டத்தைப் பயன்படுத்துவது அதனால்தான்.

நேரடிச் சராசரியில் இருக்கும் நிச்சயமின்மையையும் சொல்லணும். 1961–1990க்கான உலகச் சராசரி சுமார் 14 டிகிரி என்றும், பிழை வரம்பு அரை டிகிரி என்றும் 1999இல் ஜோன்ஸ் குழு மதிப்பிட்டது. அந்த அரை டிகிரி பல பத்தாண்டு வெப்பமாதலுக்குச் சமம். ஆனால் அந்தப் பிழை எல்லா ஆண்டுகளுக்கும் ஏறக்குறைய ஒரே பக்கமாக இருப்பதால் விலகல் எடுக்கும்போது கழிந்துவிடும். விலகலில் 2024க்கான பிழை வரம்பு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்பது இதனால்.

15.10ஐச் சொல்வதானால் இன்னொரு எச்சரிக்கை. அது ஆண்டுச் சராசரி. 22 ஜூலை 2024க்கு 17.16 என்று வந்தது ஒருநாள் சராசரி. வட அரைக்கோளத்தில் நிலம் அதிகம், அது ஜூலையில் சூடேறும். அதனால் உலகச் சராசரியே ஜூலையில் ஜனவரியைவிட மூன்று டிகிரிக்கு மேல் உயர்ந்து நிற்கும். 17.16இலிருந்து 15.10ஐக் கழித்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

#6 ஸ்டீவன்சன் பெட்டி

எல்லாரும் கோப்பிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். எண் பிறக்கும் இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

வெள்ளையடித்த மரப்பெட்டி. நான்கு பக்கமும் இரட்டைச் சரிவுப் பலகை: காற்று போகும், வெயில் நேரடியாகப் போகாது. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வெப்பமானியின் குமிழ் இருக்க வேண்டும். நம் பக்கம் கதவு வடக்கு நோக்கித் திறக்கும். தெற்கு நோக்கித் திறந்தால் படிக்கும் நேரத்தில் வெயில் உள்ளே விழும். உள்ளே நான்கு வெப்பமானிகள்: உலர் குமிழ் (காற்றின் வெப்பநிலைக்கு), ஈரக் குமிழ் (ஈரப்பதம் அறிய), உச்சம், நீச்சம். உச்ச வெப்பமானியில் குமிழுக்கு மேலே கழுத்து இறுகியிருக்கும். ஏறிய பாதரசம் திரும்ப இறங்காது, உதறித்தான் இறக்க வேண்டும். நீச்ச வெப்பமானியில் சாராயம், அதற்குள் ஒரு சின்னக் குறிகாட்டி. இந்தியாவில் காலை 8.30க்கு நீச்சம், மாலை 5.30க்கு உச்சம் படிப்பார்கள்.

எங்கே கெடும்?

நீச்ச வெப்பமானியில் சாராயம் ஆவியாகி மேல் முனையில் போய்த் துளியாக ஒட்டிக்கொள்ளும். தண்டு அந்த அளவு குட்டையாகிவிடும், கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் போகலாம், ஏனென்றால் எண் ஒவ்வொரு நாளும் நம்பும்படியாகவே இருக்கும். உலர் குமிழ் அளவீட்டோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

பெயின்ட் மங்கினால் பெட்டி வெயிலை உறிஞ்சும், உச்சம் ஏறும். புல்தரை சிமென்ட் ஆனால் நீச்சம் ஏறும். பக்கத்தில் கட்டடம் எழும்பினால் இரவுக் குளிர்ச்சி தாமதமாகும். கண்மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ நின்று படித்தால் அரை டிகிரி வரை நகரும்.

தானியங்கி நிலையத்தில் பிளாட்டினம் மின்தடை உணரி. அதில் படிப்பவர் பிழை இல்லை. ஆனால் காற்றில்லாத வெயில் நேரத்தில் பிளாஸ்டிக் கவசம் சூடேறி உணரியையும் சூடாக்கும். இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்காவின் காலநிலை ஆதார வலையமைப்பில் விசிறி வைத்துக் காற்றை இழுக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று உணரிகள், ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

உச்சத்தையும் நீச்சத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது 24 மணி நேர உண்மைச் சராசரி ஆகாது என்று பலர் கேட்பார்கள். ஆகாதுதான். ஆனால் அந்த வித்தியாசம் ஒரே இடத்தில் ஒரே மாதத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வரை விலகலில் கழிந்துவிடும். நடுவில் முறையை மாற்றினால்தான் வம்பு.

#7 ஐயம் தெளிக

இங்கேதான் எனக்குக் கேள்வி. நிலையம் இடம் மாறுகிறது, கருவி மாறுகிறது, நகரம் வளர்கிறது. அதனால் பழைய எண்களைத் "திருத்துகிறார்கள்". திருத்தியவர்களே வெப்பமாகிறது என்றும் சொல்கிறார்கள். திருத்தாத எண்ணில் என்ன தெரிகிறது?

#8 ஸ்டீவன்சன் பெட்டி

திருத்தாத எண்ணில், உலகம் முழுவதையும் எடுத்தால், நூற்றாண்டு வெப்பமாதல் சற்று *அதிகமாகவே* தெரிகிறது. திருத்தம் அதைக் குறைக்கிறது. நில நிலையங்களில் திருத்தம் போக்கைக் கொஞ்சம் ஏற்றுகிறது. கடலில் நிறைய இறக்குகிறது. பூமியில் 71 விழுக்காடு கடல்.

நிலத்தில் நடப்பது இதுதான். ஒரு நிலையத்தைச் சுற்றியுள்ள அண்டை நிலையங்களோடு இரண்டிரண்டாக வைத்து வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். வானிலை எல்லோருக்கும் பொது என்பதால் வித்தியாசத்தில் அது கழிந்துவிடும். ஒரு மாதத்தில் வித்தியாசம் படிபோலத் தாவி, அங்கேயே நிலைத்தால், அந்த நிலையத்தில் ஏதோ மாறியிருக்கிறது. பல அண்டைகளோடும் அதே மாதத்தில் தாவினால் குற்றவாளி இந்த நிலையம்தான். நோவா இதை இணை ஒப்பீட்டுக் கணினி நிரல் வழியாகத் தானியங்கியாகச் செய்கிறது; ஏற்றவும் இறக்கவும் அதற்கு ஒரே விதி.

அமெரிக்காவில் இரண்டு மாற்றங்கள் ஒரே திசையில் விழுந்தன. தன்னார்வப் பார்வையாளர்கள் மாலையில் படிப்பதிலிருந்து காலைக்கு மாறினார்கள். மாலையில் உச்சத்தை உதறி வைத்தால், அந்த நேரச் சூடே அடுத்த நாள் உச்சமாகவும் பதிவாகிவிடும்; ஒரே வெயில் நாள் இரண்டு முறை எண்ணப்படும். காலைக்கு மாறியதும் அந்தப் பொய்ச்சூடு மறைந்தது, பொய்யான குளிர்ச்சி தெரிந்தது. 1980களில் கண்ணாடி வெப்பமானியிலிருந்து மின்னணு உணரிக்கு மாறியபோது உச்சம் இன்னும் குறைந்தது. இரண்டையும் சரிசெய்தால் போக்கு ஏறும். சரிதானா என்று பார்க்கத்தான் மேலே சொன்ன ஆதார வலையமைப்பு: அதன் எண்ணை யாரும் திருத்துவதில்லை, அதன் போக்கும் திருத்திய பழைய நிலையங்களின் போக்கும் ஒத்துப்போகின்றன.

நகர வெப்பத்துக்கு நாசா இரவு வெளிச்சத்தின் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலையங்களைப் பிரிக்கிறது. வெளிச்சமான இடத்து நிலையத்தின் நீண்டகாலப் போக்கைச் சுற்றியுள்ள கிராமப்புறப் போக்குக்கு ஒத்திசைக்கிறது. நகரத்தின் அன்றாட வெப்பம் உண்மையே, நுங்கம்பாக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியும். உலகச் சராசரியில் அதன் பங்கு சின்னது.

#9 நெய்தல்

கடலை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், சார். பெரிய திருத்தம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, அதனால் விரித்தே எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் கப்பலிலிருந்து வாளியைக் கயிற்றில் இறக்கி நீர் மொண்டு, மேல்தளத்தில் வைத்து வெப்பமானியை விட்டுப் படித்தார்கள். மரவாளி சூட்டை ஓரளவு தாங்கும். பிறகு வந்த கித்தான் வாளியில் பக்கவாட்டில் நீர் கசிந்து ஆவியாகும். படிப்பதற்குள் நீர் குளிர்ந்துவிடும். கப்பல்கள் வேகமாகின, தளம் உயர்ந்தது, காற்று அதிகம், குளிர்ச்சியும் அதிகம். இதற்கான திருத்தம் 1940ஐ நெருங்கும்போது சுமார் 0.4 டிகிரி வரை போகிறது. அதாவது பழைய கடல் உண்மையில் பதிவைவிடச் சூடாக இருந்தது. பழையதை ஏற்றினால் மொத்த வெப்பமாதல் குறையும். #7க்கு பதில் இந்த ஒரு வாளியிலேயே இருக்கிறது.

அடுத்து என்ஜின் அறை. குளிர்விக்க உள்ளே இழுக்கும் கடல்நீரின் வெப்பநிலையைக் குழாயிலேயே படிப்பது. அறையின் சூடு ஏறிவிடும், அதனால் எண் கொஞ்சம் அதிகம். இரண்டாம் உலகப் போரின்போது இரவில் விளக்கேற்றி வாளி இறக்க முடியாது. பதிவுகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கப்பல்களின் என்ஜின் அறையிலிருந்து வந்தது. 1945இல் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களும் அவற்றின் வாளிகளும் திரும்பின. உலகக் கடல் சராசரி திடீரென்று சுமார் 0.3 டிகிரி விழுந்தது. நிலத்தில் அப்படி ஒரு வீழ்ச்சியே இல்லை. 2008இல்தான் தாம்ப்சன் குழு இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது; அதன் பிறகே தொகுப்புகள் அந்த ஆண்டுகளைச் சரிசெய்தன.

இப்போது பெரும்பாலும் மிதவைகள். மிதவை எண் கப்பல் எண்ணைவிடச் சராசரியாக 0.12 டிகிரி குறைவு. கப்பல் குறைந்து மிதவை கூடக்கூட, ஒன்றுமே செய்யாவிட்டால் பொய்யான குளிர்ச்சி உள்ளே வரும். நோவாவின் கடல் வெப்பநிலைத் தொகுப்பின் நான்காம் பதிப்பு மிதவையை 0.12 ஏற்றியது. "நல்ல கருவியைக் கெட்ட கருவிக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள்" என்று அன்று பெரிய கூச்சல். ஐந்தாம் பதிப்பு மிதவையை விட்டுவிட்டுக் கப்பலை இறக்கியது. விலகலில் இரண்டும் ஒன்றே! அடிப்படைக் காலச் சராசரியும் கூடவே நகர்ந்துவிடும் அல்லவா? அடிப்படைக் காலம் என்றால் என்ன என்று புரிந்தவர்களுக்கு அந்தக் கூச்சலில் விஷயமே இல்லை என்று தெரிந்திருக்கும்.

#10 அச்சுமேசை

மிகவும் பயனுள்ளது. மாற்றும் படிகள்?

#11 கட்டக்கணக்கு

நாசாவை 1991–2020க்குக் கொண்டுவந்து கோப்பர்நிக்கஸின் 0.72ஓடு வைத்துப் பார்ப்போம்.

ஜிஸ்டெம்ப் தளத்தில் நிலமும் கடலும் சேர்ந்த உலகச் சராசரிக் கோப்பை எடுங்க. காற்புள்ளி பிரித்த கோப்பில் எண்கள் டிகிரியில் இருக்கும். எழுத்து அட்டவணையில் நூறில் ஒரு டிகிரியில், அதாவது 1.28க்குப் பதில் 128 என்று இருக்கும். இரண்டையும் கலந்தால் வரைபடம் வானத்துக்குப் போகும்.

ஆண்டுச் சராசரிக்கு இரண்டு நிரல்கள் உண்டு: ஒன்று ஜனவரி முதல் டிசம்பர், இன்னொன்று முந்தைய டிசம்பர் முதல் நவம்பர். முதலாவதை எடுங்க. இரண்டாவதை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை, எண் 0.02, 0.03 மாறும், ஏன் என்று தெரியாது.

இல்லாத தரவுக்கு நட்சத்திரக் குறிகள் இருக்கும். விரிதாள் சராசரி காணும்போது எழுத்தை விட்டுவிடும், பரவாயில்லை. அதைச் சுழியமாக மாற்றித் தொலைக்காதீங்க. சுழியம் என்பது "விலகல் இல்லை" என்ற ஒரு அளவீடு.

1991 முதல் 2020 வரை முப்பது எண்களின் சராசரி: சுமார் 0.61. இதை *எல்லா* ஆண்டுகளிலிருந்தும் கழிங்க. 2024: 1.28 − 0.61 = 0.67. சரிபார்க்க, புதிய நிரலில் 1991–2020 சராசரி சுழியமும், 1951–1980 சராசரி −0.61ம் வர வேண்டும். வளைகோட்டின் வடிவமும் போக்கும் துளியும் மாறியிருக்கக்கூடாது. முழுக் கோடும் கீழே இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவே.

இந்த 0.61ஐ நோவாவுக்கோ பெர்க்லிக்கோ தூக்கிப் போடாதீங்க. ஒவ்வொரு தொகுப்புக்கும் அதனதன் முப்பது ஆண்டுச் சராசரியைக் கழிக்கணும்.

இப்போது 0.67ஐயும் 0.72ஐயும் பாருங்க: இடைவெளி 0.05. அதே இரண்டு நிறுவனங்கள் 1850–1900இலிருந்து சொன்னது 1.47, 1.60: இடைவெளி 0.13. அதாவது இவர்கள் 2024ஐப் பற்றிச் சண்டை போடவில்லை. கருத்து வேறுபாட்டின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டைப் பற்றியது.

#12 நெய்தல்

மாத எண்ணுக்கு இதே வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு மாதத்துக்கும் அதனதன் முப்பது ஆண்டுச் சராசரியைத் தனியாகக் கழிக்கணும். ஆண்டுக்கான ஒரே எண்ணைப் பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டால் பருவ அலை ஒன்று உள்ளே புகுந்துவிடும்.

கோப்பர்நிக்கஸ் எண்ணிலேயே பாருங்கள். செப்டம்பர் 2023: 1991–2020இலிருந்து 0.93, 1850–1900இலிருந்து 1.75. வித்தியாசம் 0.82. டிசம்பர் 2023: 0.85, 1.78. வித்தியாசம் 0.93. ஆண்டுக்கு 0.88. வட அரைக்கோளக் குளிர்காலம் அதன் கோடையைவிட வேகமாக வெப்பமாகியிருப்பதால் மாதத்துக்கு மாதம் இந்தத் தூரம் மாறுகிறது. 1991–2020இலிருந்து பார்த்தால் செப்டம்பர் முந்துகிறது, 1850–1900இலிருந்து பார்த்தால் டிசம்பர் முந்துகிறது. "வரலாறு காணாத மாதம்" என்று தலைப்பு வைக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

#13 இயற்பியல் ஆசிரியை

மாணவர்கள் கட்டத் தரவை (பூமியை அட்ச, தீர்க்கக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தந்த விலகலை) எடுத்துத் தாங்களே உலகச் சராசரி கண்டால், வெளியிடப்பட்ட எண்ணைவிட எப்போதும் அதிகமாக வருகிறது.

#14 கட்டக்கணக்கு

அட்ச எடை போடவில்லை, மேடம். ஹாட்கிரட்டின் 5 டிகிரிக்கு 5 டிகிரி கட்டம் நிலநடுக்கோட்டில் சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர். 60 டிகிரி அட்சத்தில் பாதி. துருவத்தை ஒட்டிய கடைசிக் கட்டத்தில் 20இல் ஒரு பங்குகூட இல்லை. எல்லாக் கட்டத்துக்கும் சம எடை கொடுத்தால், வேகமாகச் சூடாகும் ஆர்க்டிக் பல மடங்கு எண்ணப்படும். ஒவ்வொரு கட்டத்தையும் அதன் மைய அட்சத்தின் கோசைனால் பெருக்கி, கோசைன்களின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொல்லுங்க. தரவு *இருக்கும்* கட்டங்களின் கோசைனை மட்டும் கூட்டணும். மொத்தத்தையும் கூட்டினால் எண் குறைந்துவிடும்.

வெற்றுக் கட்டத்தை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான். "அங்கேயும் மற்ற இடங்களின் சராசரி அளவே வெப்பமாகியிருக்கிறது" என்று சொல்லாமல் சொல்வது அது. ஹாட்கிரட்டின் நான்காம் பதிப்பு அப்படித்தான் விட்டது. ஆர்க்டிக் விடுபட்டதால் வெப்பமாதலைக் குறைத்துக் காட்டியது. கவுட்டன், வே என்ற ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். ஐந்தாம் பதிப்பில் அண்டைக் கட்டங்களை வைத்துப் புள்ளியியல் முறையில் நிரப்புகிறார்கள், நிரப்பியதன் நிச்சயமின்மையை 200 மாற்று வடிவங்களாகவும் தருகிறார்கள்.

#15 செம்பரம்பாக்கம்

#11இல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 1850–1900 ஏன் இவ்வளவு தொல்லை?

ஆள் இல்லை, கருவி இல்லை. சென்னை வானாய்வகத்தில் 1796இலிருந்து பதிவு இருக்கிறது என்று நாம் பெருமைப்படலாம். தென் அரைக்கோளத்தின் பெரும்பகுதிக்கு அந்தக் காலத்தில் அப்படி எதுவும் இல்லை. அண்டார்க்டிகாவில் தொடர்ச்சியான பதிவுகள் 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டித்தான் பரவலாகின. கடலில் கப்பல் போன தடத்தில் மட்டும் கோடு கோடாக வாளி அளவீடு.

இன்னொன்று: எல்லாத் தொகுப்பும் அவ்வளவு தூரம் பின்னால் போவதே இல்லை. நாசா 1880இல் தொடங்குகிறது. கோப்பர்நிக்கஸின் மறுபகுப்பாய்வு (பழைய அளவீடுகளை வானிலைக் கணினி மாதிரியில் இட்டுப் பெறும் தொகுப்பு) 1940இல்தான் தொடங்குகிறது. அதன் 1.60 எப்படி வந்தது? 0.72ஐ அவர்கள் கணக்கிட்டார்கள். 1850–1900க்கும் 1991–2020க்கும் இடையேயான 0.88ஐ மற்ற தொகுப்புகளிலிருந்து எடுத்துக் கூட்டினார்கள். கூட்டிய 0.88க்குத் தனியாகப் பிழை வரம்பு உண்டு, அது 0.72இன் பிழையைவிடப் பெரியது.

அந்தக் கடைசிப் படி நகரவும் செய்யும். 1850–1900இலிருந்து 1986–2005 வரை 0.61 டிகிரி என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை சொன்னது. ஆறாம் அறிக்கையில் அதே இரண்டு காலத்துக்கும் 0.69. எந்த ஆண்டும் கூடுதலாகச் சேரவில்லை. கூடிய 0.08 பழைய கடல் திருத்தமும் விடுபட்ட இடங்களை நிரப்பியதும் தந்தது. 1.5 டிகிரிக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுபவருக்கு 0.08 சின்ன எண் இல்லை.

#16 ஐயம் தெளிக

அப்படியானால் செயற்கைக்கோளை நம்பிவிடலாமே? வாளியும் இல்லை, நகரமும் இல்லை.

#17 ஸ்டீவன்சன் பெட்டி

அது அளப்பது தரையை அல்ல. சில கிலோமீட்டர் தடிமனான காற்றடுக்கிலிருந்து வரும் நுண்ணலையை. அதிலும் திருத்தம் உண்டு. சுற்றுப்பாதை மெல்லத் தாழ்வதைக் கணக்கில் எடுக்காததை 1998இல் கண்டார்கள். செயற்கைக்கோள் ஒரு இடத்தைக் கடக்கும் நேரம் நகர்வதற்கான திருத்தத்தில் குறி மாறிப்போனதை 2005இல் கண்டார்கள். இரண்டும் வெப்பமாதலைக் குறைத்துக் காட்டியவை. தவிர அந்தப் பதிவு 1978 இறுதியில்தான் தொடங்குகிறது. பயனுள்ள தரவு, ஆனால் வேறு தரவு. அலபாமா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் தொகுப்பின் அடிப்படைக் காலம் 1991–2020; அதன் எண்ணை நாசாவின் 1.28க்குப் பக்கத்தில் வைத்து "பாதிதான்" என்று சொல்பவர்கள் இரண்டு பிழைகளை ஒன்றாகச் செய்கிறார்கள்.

#18 அச்சுமேசை

அட்டவணையில் ஒரே நிரல்: 1850–1900இலிருந்து. 1.46, 1.47, 1.53, 1.60, 1.62, ஒருங்கிணைத்தது 1.55 ± 0.13. கீழே குறிப்பு: "தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட அதிகம். பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி வரம்பு தாண்டப்பட்டது." சரியா?

#19 கட்டக்கணக்கு

அட்டவணை சரி. குறிப்பில் இரண்டையும் மாற்றுங்க.

"தொழிற்புரட்சிக்கு முந்தைய" என்பதற்குப் பதில் "1850–1900 சராசரியைவிட" என்று ஆண்டையே எழுதுங்க. 1850இல் ரயிலும் நிலக்கரியும் வந்தாகிவிட்டது. 1720–1800ஐ எடுக்க வேண்டும் என்று ஹாக்கின்ஸ் குழு 2017இல் வாதிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்திலோ எந்த ஆண்டு என்றே சொல்லவில்லை. 1850–1900 என்பது உலகளாவிய அளவீடு ஓரளவு தொடங்கும் காலம் என்பதால் ஐபிசிசி எடுத்துக்கொண்டது.

"வரம்பு தாண்டப்பட்டது" என்பதை எடுத்துவிடுங்க. ஒற்றை ஆண்டில் எல் நினோவின் (பசிபிக் கடல் அவ்வப்போது சூடாகும் நிகழ்வின்) பங்கும் இருக்கும். ஐபிசிசி ஆறாம் அறிக்கை பார்ப்பது 20 ஆண்டுச் சராசரியை. 2011–2020 பத்தாண்டுக்கு அது தந்த எண் 1.09. "ஒரு நாட்காட்டி ஆண்டின் சராசரி முதல் முறையாக 1.5ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்" என்று எழுதலாம், 0.13 பிழை வரம்பு அதற்கு மேல் சொல்ல விடாது.

வரைபடம் போடுவதானால் எல்லாத் தொகுப்பையும் 1991–2020இல் சேர்த்து வரையாதீங்க. சேர்க்கும் முப்பது ஆண்டில் எல்லாக் கோடும் ஒட்டிக்கொள்ளும், 1850 பக்கம் விசிறிபோல விரியும். 1850–1900இல் சேர்த்தால் விரிசல் இன்றைய பக்கம் வரும். தரவு ஒன்றுதான், கண்ணுக்குத் தெரிவது வேறு. எந்தக் காலத்தில் சேர்த்தீர்கள் என்பதை வரைபடத்துக்குள்ளேயே எழுதுங்க. கீழே குறிப்பில் போட்டால் படம் மட்டும் பகிரப்படும்போது போய்விடும்.

#20 செம்பரம்பாக்கம்

கோப்பு பதிவிறக்கிய தேதியையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் போடவும். தாமதமாக வந்து சேரும் நிலையப் பதிவுகளால் மாதாமாதம் பழைய ஆண்டுகள்கூட 0.01 நகரும். அடுத்த மாதம் ஒரு வாசகர் சரிபார்த்து 1.28க்குப் பதில் 1.29 என்று கடிதம் எழுதினால் பதில் சொல்ல அந்தத் தேதி வேண்டும்.